நிலைப்படி ஏறிய வண்டி

என் வயதை ஒத்தவர்களே, உங்களுள் எவரேனும் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் அமர்ந்ததுண்டானால், என்னைப் பற்றிய ஒரு கதையைக் கேட்காமல் கை கழுவியிருக்க மாட்டீர்கள். சிறுவயதில் நான் ஒரு விளையாட்டு வண்டியை ஓடவிட்டு என் மாமிக்கு வந்த நல்ல சம்பந்தத்தைக் கலைத்தேன் என்பது அக்கதை. சோற்றுக்கும் பாயசத்துக்கும் இடையில் அதைச் சொல்லிச் சிரிப்பது எங்கள் உறவினரிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கல்லூரியில் பட்டம் பெற்று, அரசுப் பணியில் ஒரு குறிப்பாணைகூட வாங்காமல் ஓய்வு பெற்றவன் நான். விருந்து மேசையில் எழுந்து மறுப்புரை நிகழ்த்துவது என் இயல்பன்று. ஆயினும், நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்று சென்ற கிறிஸ்துமஸுக்குப் பிறகு கருதுகிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் வீடு இருந்தது. எங்கள் பக்கத்தில் அப்பாவின் தங்கையையும் மாமி என்றே அழைப்போம். மாமி நாகர்கோவிலில் இயற்பியல் படித்து முடித்திருந்தார். திருவனந்தபுரத்தில் மேற்படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. அப்பா வளைகுடாவில் வேலையிலிருந்தமையால் வீட்டில் முடிவு சொல்லும் உரிமை பெரியப்பாவுடையது. அவர் பள்ளித் தலைமையாசிரியர். சபைக் கமிட்டியில் இருந்தவர். சொன்ன சொல் மாறாதவர். அந்தக் கோடை தொடங்கியபோதே அவர் மாமியை அழைத்துத் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"மழை விழுந்து காலேஜ் தொறக்கதுக்குள்ள ஒரு சம்பந்தம் ஒத்துவந்துதுன்னா, படிப்பு அத்தோட மதி. ஒத்துவரல்லன்னா நீ போலாம். நான் தடுக்கமாட்டேன்."

மாமி தலையாட்டினார். அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லாரும் மழையை எதிர்பார்த்திருந்தோம். அவரவர் எதற்காக எதிர்பார்த்தார் என்பதில்தான் வேறுபாடு.

அந்த நாட்களில்தான் அப்பா எனக்கென்று ஒரு பெட்டியை, விடுப்பில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். வளைகுடாவிலிருந்து வந்த பொருளைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுவது அக்காலத்து மரபு. செண்டுப் புட்டிகளுக்கும் மூன்று நிறத்தில் எரியும் டார்ச் விளக்குக்கும் நடுவில் அம்மா அதையும் வைத்துப் பூட்டினார். விளையாட்டுப் பொருளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து மகிழவேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. எனக்கும்தான்.

அம்மாவிடம் சாவியைக் கேட்டு வாங்கியவர் மாமி. அண்ணியை எங்கள் பக்கத்தில் மைனி என்பார்கள்.

"மைனி, அதுல என்ன இருக்குன்னு ஒருக்கா பாத்துட்டு வச்சிருகேன்."

"பாத்துட்டு வச்சிரணும், கேட்டியா? ஒரு துண்டு தொலஞ்சாலும் ஒங்க அண்ணன் என்னையத்தான் கேப்பாவ."

திரும்ப அது அலமாரிக்குள் போகவில்லை.

பெட்டியைத் திறந்ததும் எழுந்த மணம் இன்றும் என் நினைவிலுண்டு. புதுக் குடையை முதன்முதலில் விரிக்கும்போது வருவதைப் போன்றது. சிவப்பும் வெள்ளையும் சாம்பலுமாகப் பிளாஸ்டிக் கட்டைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் சிறு குமிழ்கள். ஒன்றின்மேல் ஒன்றை அழுத்தினால் 'டிக்' என்று பற்றிக்கொள்ளும். பிரிக்க நகம் வேண்டும். நெடுநேரம் அழுத்தினால் விரல் நுனியில் வட்ட வட்டமாகத் தடம் விழும். இவை தவிர அச்சுகள், பல்சக்கரங்கள், நான்கு ரப்பர் டயர்கள், சாம்பல் நிறத்தில் ஒரு மோட்டார், அதற்குக் கம்பி வழியே மின்சாரம் தரும் பேட்டரிப் பெட்டி. அந்தப் பெட்டியின் தலையில் ஒரு சுவிட்சு. உடன் வந்த கையேட்டில் ஓர் எழுத்துமில்லை, படங்கள் மட்டும். படத்தைப் பார்த்து நாங்கள் ஒரு சிவப்பு லாரியைக் கட்டினோம்.

அது ஓடியது. உள்ளறையின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் குளவி போல முரன்றுகொண்டு நேராக ஓடி, முன்னறைக்குப் போகும் வாசலின் நிலைப்படியில் முட்டி நின்றது. அயனி மரத்தில் செய்த பழைய நிலைப்படி. என் சாண் அளவுக்கு இல்லாவிடினும் லாரியின் மூக்கைவிட உயரம். சக்கரங்கள் வெறுமனே சுழன்றன.

"இது ஏறணும் மக்கா," என்றார் மாமி.

"புத்தகத்துல ஏறுகதுக்குப் படம் இல்லியே."

"முன்னறைக்குப் போவாத வண்டி என்ன வண்டி? பிரிச்சுப் போடு."

அந்தக் கோடை முழுவதும் நாங்கள் செய்தது இவ்வளவே. கட்டுவோம், ஓடவிடுவோம், அது நிலைப்படியில் தோற்கும், பிரிப்போம். படத்திலிருந்த லாரி எங்கோ மறைந்துபோயிற்று. அதன் இடத்தில் முதுகு தாழ்ந்த, சக்கரம் புடைத்த, தவளையை ஒத்த ஏதோ ஒன்று உருவாகிவந்தது.

முதல் திருத்தத்துக்கு வழி கண்டவன் நானே என்பதை இங்கே பதிவு செய்வது முறை. எங்கள் வீட்டுப் பின்புறம் ரப்பர் ஷீட் அடிக்கும் எந்திரம் இருந்தது. உறைந்த ரப்பர் பால் தோசைக்கல் கனத்துக்குக் கட்டியாக இருக்கும். இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே அதைக் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால் மெல்லிய ஷீட்டாக வெளிவரும். சிறுவனாகிய என்னாலும் அதைச் சுற்ற முடிந்தது. ஏன் முடிகிறது என்று ஒருநாள் உற்றுப் பார்த்தேன். கைப்பிடியில் இருந்த சிறு பல்சக்கரம் பலமுறை சுற்றினால்தான் உருளையின் பெரிய பல்சக்கரம் ஒருமுறை அசைகிறது.

"மாமி, வேகம் இதுல செத்துப்போவுது. ஆனா பெலம் வருது," என்றேன்.

மாமி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "மூணு வருசம் நான் இதத்தான் படிச்சேன். இந்தச் சவத்து மெஷினு தெனமும் கண்ணு முன்னால கெடந்துருக்கு," என்று சொல்லிச் சிரித்தார்.

மோட்டாருக்குச் சிறிய சக்கரத்தையும் பின்னச்சுக்குப் பெரிய சக்கரத்தையும் மாட்டினோம். வண்டி ஆமையாயிற்று. ஆனால் கையால் பிடித்து நிறுத்தினாலும் நிற்காமல் கையைத் தள்ளியது. பிடித்ததை விடாத ஒரு பிடிவாதம் அதற்கு வந்துவிட்டது.

நடுவில் ஒரு விபத்து. எந்திரத்தின் அருகில் வைத்துச் சோதித்தபோது சிறிய பல்சக்கரம் என் கையிலிருந்து தவறி, பால் ஊற்றி உறையவைத்திருந்த அலுமினியத் தட்டு ஒன்றில் விழுந்து மூழ்கியது. எந்தத் தட்டு என்று தெரியவில்லை. அதுபோல் இன்னொன்று பெட்டியில் கிடையாது. மறுநாள் காலை அம்மா ஒவ்வொரு கட்டியாகத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். ஒன்றில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தது. அரிவாளால் அந்தக் கட்டியை நடுவிலே வெட்டிப் பிளந்து சக்கரத்தை எடுத்தார்.

"மைனி, நல்ல கட்டிய வெட்டிட்டியளே. பெரியண்ணன் கேட்டா?" என்றார் மாமி.

"எலி கடிச்சிட்டுன்னு சொல்லுவேன். நீ ஒஞ் சக்கரத்தப் பாரு."

இதே அம்மாதான் நாள்தோறும் எங்களைத் திட்டியவர் என்பதையும் சொல்லவேண்டும். இருளில் கட்டையை மிதித்தால் அவர் கர்த்தரையும் சவத்தையும் ஒரே மூச்சில் அழைப்பார். "ஒருநா இல்லன்னா ஒருநா இத அள்ளி அடுப்புல போடல்லன்னா பாரு" என்பது அவர் வழக்கமாகக் கூறும் சொல். ஆயினும் பெருக்கும்போது கிடைக்கும் துண்டுகளைப் பால்பொடி டின்னில் போட்டுவைப்பார். ஆசிரியப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு மணமகளாய் வந்தவர் அவர். அப்போது அது எனக்கு ஒரு செய்தி மட்டுமே. பெரியப்பாவின் பள்ளி எது, தாய்மாமனின் தொழில் எது என்பதைப் போல.

இரண்டாவது தடை வழுக்கல். பழைய மரம் மெழுகு தடவியதுபோல இருந்தது; டயர்கள் அதைப் பற்றவில்லை. சிரட்டையில் புதுப் பாலை எடுத்து, ஆசிட்டு ஒரு துளி விட்டு, அது உறையத் தொடங்கும் தறுவாயில் டயர்களை உருட்டி எடுத்தோம். ரப்பர் ஷீட்டைப் புகைமூட்டி உலர்த்தும் புகைப்புரையில் ஷீட்டுகளோடு ஷீட்டாக அவற்றையும் நூலில் கட்டித் தொங்கவிட்டோம். புகை பட்டு அவை தேன்நிறம் கொண்டன. தொட்டால் விரலை விடாது. அந்த அறைக்கு உப்புக்கருவாட்டையும் புளித்த தயிரையும் நினைவூட்டும் ஒரு வாடை உண்டு. அந்த வாடை வண்டியோடு வீட்டுக்குள் வந்ததை அம்மா மூக்கைப் பொத்தி அறிவித்தார்.

மூன்றாவது தடை, ஏறும்போது வண்டி மல்லாந்து விழுவது. பேட்டரிப் பெட்டியைப் பின்னாலிருந்து முன்னுக்கு மாற்றியபின் அதுவும் தீர்ந்தது. பேட்டரிகள் சோர்ந்தால் ஓட்டின்மேல் வெயிலில் காயவைப்போம், நீங்களும் செய்திருப்பீர்கள். ஒரு நாள் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி, அந்தச் சுவிட்ச முன்னால தள்ளுனா முன்னால போவுமா?"

"ஆமா மைனி. பின்னால தள்ளுனா பின்னால."

"நடுவுல வச்சா?"

"நிக்கும். எதுக்குக் கேக்கிய?"

"சும்மா கேட்டேன். காலுல வந்து ஏறிச்சுன்னா நிறுத்தத் தெரியாண்டாமா?"

வண்டி முதன்முதலாக நிலைப்படியில் ஏறிய அன்று வானம் கறுத்திருந்தது. முன்சக்கரம் மரத்தைத் தொட்டது, பற்றியது, மூக்கு உயர்ந்தது, ஒரு கணம் தொங்கியது, பின்சக்கரம் உந்தியது. முன்னறைக்குள் தொப்பென்று விழுந்து, ஒன்றும் நடவாததுபோல் ஊர்ந்து சென்றது. மாமி கைதட்டினார். முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா காலைத் தூக்கிக்கொண்டார்.

"என்னட்டி இது? கல்யாணம் பேசுக பொண்ணு செய்யுக காரியமா? நாளைக்கு ஆளு வருது. இந்தச் சவத்தக் கட்டிலுக்கடியில தள்ளு."

அப்படித்தான் எங்களுக்குச் செய்தி தெரிந்தது. எங்கள் சபையின் ஊழியரான உபதேசியார் கொண்டுவந்த சம்பந்தம்; மார்த்தாண்டத்தில் மிளகும் முந்திரியும் விற்கும் கடைக்காரர் குடும்பம். மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை. நல்லவர்கள்தாம். பெண்ணுக்குப் படிப்பு இதுவே அதிகம், வீட்டில் இருந்தால் போதும் என்று முன்னதாகவே சொல்லியனுப்பியிருந்தார்கள். பெரியப்பாவின் மனத்தில் பேச்சு முடிந்தே இருந்தது. மாமி வண்டியை உள்ளறைக் கட்டிலடியில் வைத்தார். மூக்கு வாசலைப் பார்த்தபடி வைத்தார் என்பதை நான் கவனித்தேன். சரக்கு வண்டியை யாரும் பின்புறமாக நிறுத்துவதில்லை என்றே எண்ணினேன்.

மறுநாள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் தந்தை, தாய், உடன் உபதேசியார். நான் இஸ்திரி போட்ட சட்டையில், பெரியப்பாவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அமர்த்தப்பட்டிருந்தேன். ஜெபம் முடிந்தது. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தட்டில் இருந்தன. தலையை நிமிர்த்தக் கூடாது என்ற கட்டளையோடு, சாயாத் தட்டை இரு கையிலும் ஏந்தி, உள்ளறையிலிருந்து நிலைப்படியைத் தாண்டி மாமி வந்தார்.

அவருக்குப் பின்னால் அந்த முரலல் கேட்டது.

வண்டி நிலைப்படியில் ஏறியது. ஒரு கணம் தொங்கியது. தொப்பென்று விழுந்தது. மாமியின் காலுக்கு அருகாக ஊர்ந்து, மாப்பிள்ளையின் தாயார் அமர்ந்திருந்த நாற்காலியின் அடியில் நுழைந்தது. அவருடைய பட்டுச்சேலையின் முந்தானை தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் பால் தோய்த்த டயர் அதைத் தொட்டது; பற்றியது; அச்சு அதைச் சுருட்டத் தொடங்கியது.

"கர்த்தாவே, என்னவோ புடிச்சு இழுக்குது," என்று அந்த அம்மையார் எழுந்தார். வண்டியும் உடன் எழுந்தது. அவர் இழுக்க இழுக்க அது மெதுவாக, உறுதியாக, சுருட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் ஒரு கோடை முழுவதும் அதற்குக் கற்பித்ததே விடாமலிருப்பதைத்தானே. பெரியப்பா பிடித்து இழுத்தார். உபதேசியார் பிடித்து இழுத்தார். ஜரிகை கிழியும் சத்தம் கேட்டது.

மாமி தட்டைக் கீழே வைத்தார். முழந்தாளிட்டார். "இழுக்காதீங்க. வுட்டுரும்," என்று சொல்லிச் சுவிட்சைப் பின்னால் தள்ளினார். அச்சு எதிர்ப்புறம் சுற்றி, சேலையைச் சுருள் சுருளாகத் திருப்பிக் கொடுத்தது.

மாப்பிள்ளை அப்போதுதான் முதன்முறையாகப் பேசினார். "இது ஆரு செஞ்சது?"

"பய செஞ்சது. வெளையாட்டுப் பய," என்றார் பெரியப்பா, மாமி வாயைத் திறப்பதற்குள். "ஓட வுட்டுட்டு வந்து பூனை மாதிரி எனக்க பக்கத்துல இருக்கான் பாருங்க. ஆமை வேகத்துல வரும். அதான் தந்திரம்."

உள்ளறையிலிருந்து அம்மா வந்தார். என் கையைப் பிடித்து எழுப்பி, எல்லார் முன்னிலையிலும் கன்னத்தில் ஓர் அறை கொடுத்தார். "சவத்துப் பயலே, சொன்னாக் கேக்கமாட்டியா?"

நான் அழவில்லை. வலிக்கவுமில்லை. அந்த வயதிலேயே எனக்கிருந்த மன உறுதி அப்படிப்பட்டது என்று பிற்காலத்தில் பலமுறை பெருமையோடு எண்ணியிருக்கிறேன். நான் அந்தச் சுவிட்சைத் தொடவில்லை. மாமிதான், வரும் வழியில் கட்டிலடியில் கால்விரலால் தள்ளிவிட்டு வந்திருக்கிறார் என்று உறுதியாக நம்பினேன். அவருடைய கல்லூரி அவருக்கு. எனக்கு ஒரு கன்னம். காட்டிக்கொடுப்பது எங்கள் குடும்பத்தில் இல்லாத பழக்கம். ஆகவே வாயைத் திறக்கவில்லை.

வந்தவர்கள் மரியாதையாகச் சாயா குடித்து, மரியாதையாக விடைபெற்றார்கள். சில நாட்கள் கழித்து உபதேசியார் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"அவிய சகுனம் பாக்குறவிய இல்ல. அத மொதல்லயே சொல்லச் சொன்னாவ."

"நாமளும் பாக்குறதில்லியே. வேதத்துல வெலக்கப்பட்டதுல்லா," என்றார் பெரியப்பா.

"அதான. ஆனா பொண்ணு கொஞ்சம் ஒசரம் கூடுதல்னு ஒரு அபிப்பிராயம்."

"பையன் அவளவிட ஒசரமாச்சே ஓய்?"

"நானும் அதத்தான் கேட்டேன். சாயா குடிச்சிட்டுப் போன்னு சொன்னாவ."

கல்யாணம் பேச வந்த இடத்தில் மாமியாரின் முந்தானையை ஏதோ ஒன்று பிடித்து இழுத்தது என்றால் அதன் பொருள் என்ன என்பது நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர்களான அவ்விரு வீட்டாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைக் குறித்து அவர்கள் அஞ்சவும் முடியாது. எனவே உயரம் காரணமாயிற்று. அந்த ஆண்டு பெரியப்பாவும் வேறு சம்பந்தம் தேடவில்லை. அவரும் சகுனம் பார்ப்பவர் அல்லர்.

வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை விழுந்தது. மரங்களில் பால் வெட்டு நின்றது. "சொன்னாச் சொன்னதுதான். போ," என்றார் பெரியப்பா. அம்மா மாமியின் டிரங்குப் பெட்டியை அடுக்கிக் கொடுத்தார். பேருந்து போனபின் நான் வீட்டுக்குள் வந்து வண்டியைத் தேடினேன். கட்டிலடியில் இல்லை, அலமாரியில் இல்லை, டின்னில் சில்லறைத் துண்டுகள் மட்டும் கிடந்தன. அம்மா சொன்னபடி அடுப்பில் போட்டுவிட்டார் என்று முடிவு செய்தேன். கேட்கவில்லை. கேட்டு அறியவேண்டிய இடங்களில் முடிவு செய்துவிடும் குணம் எனக்குப் பின்னாளில் பணியில் உதவியது. வீட்டில் உதவியதாகச் சொல்ல முடியாது.

மாமி படித்தார். கல்லூரிப் பேராசிரியரானார்; உடன் பணிபுரிந்த ஒருவரைத் தம் விருப்பப்படி மணந்தார். திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டார். என் பேரனிடம் இப்போது கைப்பேசியால் இயக்கும் பிளாஸ்டிக் கட்டை வண்டி இருக்கிறது. சென்ற கிறிஸ்துமஸன்று அவன் அதை விருந்து மேசைக்கு அடியில் ஓட்டிக்கொண்டிருந்தான். வழக்கம்போல் யாரோ கதையைத் தொடங்கினார்கள்; வழக்கம்போல் சிரித்தார்கள். நெடுங்காலத்துக்குப் பின் வந்திருந்த மாமி மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் எழுந்துபோன பிறகு என் கையைப் பற்றினார்.

"நீ அன்னைக்கு அந்தச் சுவிட்சத் தள்ளல்லன்னா, நான் மார்த்தாண்டத்துல மொளகு காயப்போட்டு வயசாயிருப்பேன் மக்கா. இத்தன வருசமா ஒனக்கு ஒரு வார்த்த சொல்லல்ல."

"நானா? நான் பெரியப்பா பக்கத்துல ஸ்டூலுல இருந்தேன் மாமி. நீங்க வாறதுக்கு எத்தனையோ முந்தியே இருந்தேன். நீங்க கால்விரலால தள்ளுனதால்லா நான் நெனச்சேன்."

"கையில கொதிக்கக் கொதிக்க சாயா. கட்டிலுக்கடியில எப்பிடிக் குனிவேன்? நான் தலை நிமிராம வந்தேன். நீ எங்க இருந்தன்னே பாக்கல்ல."

மேசைக்கடியில் பேரனின் வண்டி எதையோ முட்டி நின்றது.

"அப்போ டிரங்குப் பெட்டியில வச்சது?" என்றார் மாமி.

"எத?"

"வண்டிய. ஹாஸ்டல்ல பெட்டியத் தொறந்தா, புதுத் தோர்த்துத் துண்டுல பொதிஞ்சு, துணிக்கு நடுவுல இருந்துது. அச்சுல ஜரிகை நூலு சுத்திக் கெடந்தத ஆரோ எடுத்துச் சுத்தம் பண்ணியிருந்தாவ. நீதான் வச்சன்னு நெனச்சேன்."

பெட்டியை அடுக்கியவர் யார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அன்று உள்ளறையில் எஞ்சியிருந்தவர் யார் என்பதும் தெரியும். அம்மா இப்போது இல்லை. அவர் உயிரோடு இருந்த காலம் முழுவதும் இந்தக் கதையை விருந்து மேசையில் எங்களோடு அமர்ந்து கேட்டார், பாயசம் பரிமாறினார், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்.

அம்மா கொடுத்த அந்த அறை வலிக்காததற்கு என் மன உறுதியே காரணம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.